கலண்டருக்குப் பின்னால் இருந்த சுவர்

பிராண்டே,
வியாழக்கிழமை

அன்பு மகள் தபிதாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நாங்கள் இருவரும் எழும்பி நடமாடுகிறோம். நீயும் ஹலிபாக்சில் சுகமாய் இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். போனில் கதைத்தால் அப்பாவின் காதில் விழும், அதனால்தான் கடிதம். எழுத்துக் கூட்டியாவது வாசி.

முதலில் நீ கேட்டது. உன் அறையில் புத்தகத் தட்டு கழன்று விழுந்த ஓட்டையை ஒரே தடவையில் அப்பி மூடாதே. அதுவும் எங்கள் வீட்டைப் போல கிப்ஸ் பலகைச் சுவர்தானே, உள்ளே வெறுமை. கிழிந்த ஓரத்தை வெட்டி, வலைநாடா ஒட்டி, ஓட்டை அடைக்கிற ஸ்பார்ட்டல் களியை மெல்லிசாக, ஓட்டையைத் தாண்டி அகலமாக இழு. நன்றாகக் காய்ந்தபிறகு சாண்ட்பேப்பரால் மெதுவாகத் தேய்த்து, இன்னும் அகலமாக அடுத்த பூச்சு. சமமாகிவிட்டது என்று கண் சொல்லும், நம்பாதே. ரோச் லைற்றைச் சுவரோடு சாய்த்துப் பிடி, மேடு பள்ளம் நிழலாக விழும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று யோசிப்பாய். போன கிழமை நடைவழியில் இருந்த சபைக் கலண்டரைத் தூசி தட்டக் கழற்றினேன். பின்னால் ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவில் பூச்சு, தடிப்பாக அப்பி, காய்ந்து வெடித்து, தொட்டதும் கொட்டியது. குளியலறைக் கதவின் கைப்பிடி இடித்து ஓட்டை விழுந்தது என்றார் அப்பா. அந்தக் கதவு மற்றப் பக்கமாகத் திறக்கிறது. விடாமல் கேட்டபிறகுதான், தலை சுற்றி விழுந்து தோள் சுவரில் முட்டியதாம், "இஞ்சேரும், ஒருக்காத்தான் நடந்தது" என்றார். நம்பினேன். அதைச் சுரண்டி எடுத்து நானே திருப்பிப் பூசினேன். சரியாக வந்ததா என்று லைற்றைச் சாய்த்துப் பார்த்தபோது, கீழே, நிலத்துக்குக் கிட்ட இன்னொரு வட்டம் நிழலாகத் தெரிந்தது. அது ஆறுதலாக, நேரம் எடுத்துத் தேய்த்துப் பெயின்ற் அடித்த வேலை, கையால் தடவினாலும் பிடிபடாது. கூப்பிட்டுக் காட்டினேன். சுவரைத்தான் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "அது நத்தார்ப் பண்டிகைக்கு முந்தி விழுந்தது" என்றார். வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் யார் தடுக்கி விழுந்தாலும் உடனே அறிவிக்கிறவள் நான். என் கார்ச் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி இவர் அவசர அவசரமாகக் களி பூசியிருப்பார் என்று நினைக்க, வருவது கோபமா அழுகையா என்று பிரிக்கத் தெரியவில்லை.

தலை சுற்றுகிற மனுஷன் விடிய இருட்டோடு, கூட வேலை செய்கிற தேவராசா அண்ணையையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் வேலைக்கு ஓடுகிறார், பிள்ளை. டொக்டரிடம் சொன்னால் லைசென்சைப் பிடுங்கிப்போடுவாங்கள், பிறகு இந்த ஊரில நான் வீட்டுக்காவலோ என்று கேட்கிறார். நீங்கள் சொல்லாட்டில் நான் சொல்லுவன் என்றேன். செவ்வாய்க்கிழமைக்கு நேரம் எடுத்திருக்கிறேன், நானும் உள்ளே போவேன். அதுவரை அவருடைய கார்த் திறப்பு என் கையில், நானே கொண்டுபோய் விடுகிறேன். வழி முழுக்க அப்பா யன்னலைப் பார்த்தபடி. பின்னுக்கு இருக்கிற தேவராசா அண்ணை, பாவம், ஒன்றும் விளங்காமல் மழையைப் பற்றியே கதைக்கிறார்.

குளிருக்குச் சப்பாத்தைப் பார்த்துப் போடு. கர்த்தர் உன்னைத் தம் கைக்குள் வைத்திருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் எடுப்பார். "உன்ர கொம்மா என்னைக் கிழவனாக்கித் தன்ர இல்லத்தில சேர்க்கப் பாக்கிறா" என்பார். வழமையாக நீ சிரித்து, டெனிஷ் மொழியில் அவர் பக்கம் கதைப்பாய். இந்த முறை சிரிக்காதே. எத்தனை தரம் விழுந்தீர்கள் என்று கேள். எனக்கு இரண்டு என்று சொல்லியிருக்கிறார். உனக்கு அவர் பொய் சொன்னதில்லை.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா