எண் மட்டும் போட்ட பட்டியல்

லாயர் அண்ணே,

இன்று அலமாரியைக் காலி செய்தபோது பழைய கார்பன் தாள் கட்டு ஒன்று கிடைத்தது. பிரித்ததும் அந்த வாடை. உங்களிடம் டைப்பிஸ்டாக இருந்த வருடங்கள் எல்லாம் மூக்கில் ஏறிவிட்டன. நீங்கள் கண்ணை மூடி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அழலாம் என்று உட்கார்ந்தால் கோபம் வருகிறது. கோபப்படலாம் என்றால் அழுகை வருகிறது. என்ன மனசோ.

எழுபதுகளில் பினாங்கு ரோட்டுத் தள்ளுவண்டிக்காரர்களுக்குச் சம்மன் வந்தால் உங்களிடம்தான் ஓடி வருவார்கள். கோர்ட்டில் ஃபைலைத் திறக்காமலே ஒவ்வொருவரின் லைசன்ஸ் எண்ணையும் ஒப்பிப்பீர்கள். கச்சாங் பூத்தே என்று வறுத்த கடலை விற்ற என் அப்பாவுக்காக மட்டும் நான்கு முறை நின்றீர்கள். கூலியாக ஒரு பொட்டலம் கடலை. அதிலும், "உப்பு கொஞ்சம் கூட லா" என்று குறை வேறு.

அப்புறம் கட்சி, மேடை, மாலை. ஒருநாள் உங்களை நகராண்மைக் கழகத் தலைவராக நியமித்தார்கள். மேயர் என்ற பதவியே அப்போது ஊரில் இல்லை; அப்பா கேட்டால்தானே! "நம்ம மேயரு" என்று கடலை வாங்க வந்தவர்களிடமெல்லாம் பெருமை அடித்தார். நானும் உங்களோடு அந்த ஆபீசுக்கு வந்தேன்.

சாலையை அகலப்படுத்தப் பன்னிரண்டு வண்டிகளை எடுக்க வேண்டும் என்று முடிவானது. என்னிடம்தான் பட்டியல் கேட்டீர்கள். "பேரு வேணாம்மா, நம்பர் மட்டும் போடு. பேரைப் பார்த்தா கையெழுத்து வராது." ஏழாவது எண் அப்பாவுடையது. டைப் செய்தேன். தாளை நீட்டிவிட்டு மேசை ஓரமாகவே நின்றேன். ஏழாவது வரியில் உங்கள் பேனா நின்றது போல இருந்தது.

"ஏதும் சொல்லணுமாம்மா?"

"இல்லண்ணே."

கையெழுத்துப் போட்டீர்கள்.

உங்களுக்குத் தெரிந்ததா, இல்லையா? மனப்பாடமாக ஒப்பித்தவருக்கு அந்த எண் மறந்திருக்குமா? நான் வாய் திறந்திருந்தால் அந்த வரியை வெட்டியிருப்பீர்களா? வெட்டியிருந்தால் மற்ற பதினொரு பேர் முகத்தில் எப்படி விழித்திருப்பேன்? நீங்கள் சொல்வீர்கள் என்று நான் காத்திருந்தேன். நான் சொல்வேன் என்று நீங்கள் காத்திருந்தீர்களோ என்னவோ. இனி யாரைக் கேட்பது?

அப்பா பாயான் லெப்பாஸில் ஃபேக்டரிக் காவலுக்குப் போனார். அப்போதும் உங்களை விட்டுக்கொடுக்கவில்லை. ஆபீசில் எத்தனையோ டைப்பிஸ்டுகள். என்னை அவர் சந்தேகிக்கவும் இல்லை. "மேயரு என்னம்மா செய்வாரு? லிஸ்ட்டு அடிச்ச புண்ணியவான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல" என்பார், ஃபேக்டரி பஸ்ஸுக்கு நிற்கும்போது.

நான் தலையாட்டிக்கொண்டே சாப்பாட்டுத் தூக்கை அவர் கையில் கொடுப்பேன். அது நான்தான் என்று அவர் சாகும்வரை சொல்லவில்லை, அண்ணே.