ஜெபக் குறிப்பு

இன்று காலை மலையடிவாரத்தில், காரவள்ளிக்குப் பக்கத்தில் ஒரு மிளகு மண்டியில் யூபிஎஸ் பழுது. மூடியைக் கழற்றி உட்கார்ந்திருந்தேன். சாக்கு அவிழ்த்த மிளகின் காரம் மூக்கில் ஏறியது. கல்லாவில் இருந்த பாய் கேட்டார்.

"ஏனுங்க, உங்க சிநேகிதர் மலை மேல வளப்பூர் நாட்டுல இருந்து சரக்கு கொண்டாருவாரே, இந்த வருசம் ஆளையே காணோம்?"

"எறந்துட்டாருங்க."

"அல்லா. என்ன சீக்கு?"

"கல்லீரல்ல கட்டிங்க. பரவிடுச்சு. ஆபரேசன் பண்ண முடியாத நிலைமைங்க."

சொல்லி முடித்த பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது. மாப்ள, அன்றைக்குச் சபை வாட்ஸ்அப் குழுவில் இதே தொனியில்தான் உன் நோயைப் பற்றி எழுதினேன். பாய் கொடுத்த டீயைக் குடிக்க முடியவில்லை.

என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த ஏழு மாதமும் நீ வியாழக்கிழமை தவறாமல் மலையிறங்கி சேலம் வந்தாய். பாலிடெக்னிக்கில் ஒரே அறையில் இருந்தவன் என்பதற்கு மேல் எனக்கு நீ எந்த விதத்திலும் கடமைப்பட்டவன் இல்லை. வந்ததும் பிளாஸ்க்கைக் கழுவி வெந்நீர் பிடித்து வைப்பாய். அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்காருவாய். "என்னம்மிணி, உங்க ஊட்டுக்காரன் இன்னிக்கும் ஆஸ்பத்திரி மெசினெல்லாம் சரியா ஓடுதான்னு பாத்துட்டு இருந்தானா?" என்பாய். அவள் சிரிப்பாள். நான் உண்மையிலேயே அதைத்தான் செய்துகொண்டிருப்பேன். டிரிப்ஸ் மெசினின் எண்களைப் பார்க்க எனக்குத் தெரிந்தது. அவள் முகத்தைப் பார்க்கத் தெரியவில்லை.

வசனம் நீ அதிகம் சொன்னதில்லை. கிளம்பும் முன் அவள் கையைப் பிடித்து இரண்டு வரி ஜெபம், அவ்வளவுதான். ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் என்னிடம் சொன்னாய்: "சீக்காளிகிட்டப் போனா மொதல்ல ஒக்காரு மாப்ள. நின்னுட்டே ஜெபிச்சா, இவன் கெளம்பறதுக்கு அவசரப்படறான்னு அவங்களுக்குத் தெரிஞ்சிரும்."

அவளை அடக்கம் செய்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. உன் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாய். படித்தேன். உடனே நீயே கூப்பிட்டாய்.

"பரவிடுச்சுன்னு டாக்டர் சொன்னாரு. அதேதான போட்டிருக்குது?"

"ஆமா."

"செரி. எம்பொண்டாட்டிக்கு இன்னும் தெரியாது. மிளகு பறிப்பு சனிக்கிழமையோட முடியுது. ஞாயித்துக்கெழமை நானே சொல்லிக்கறேன். நீ சாயங்காலமா ஏறி வா. சொன்ன பொறவு ஊட்டுல ஒரு ஆள் இருந்தா தேவலை."

"வாரேன்" என்றேன்.

சனிக்கிழமை மதியம் வரைக்கும் போவதாகத்தான் இருந்தேன். பையில் துணிகூட வைத்தாயிற்று. அப்புறம் உன் வீடு கண்ணுக்குள் வந்தது. கட்டில், பக்கத்தில் உன் மனைவி, மருந்து வாடை. என்னால் முடியாது என்று தெரிந்துவிட்டது. அதை உன்னிடம் சொல்லவும் துணிவில்லை. கைபேசியை எடுத்து, நீயும் நானும் இருக்கிற ஜெபக் குழுவில் எழுதினேன். பெயர், நோய், எந்த அளவு பரவியிருக்கிறது, டாக்டர் கொடுத்த கெடு. கடைசியில் ‘சகோதரனுக்காக ஊக்கமாக ஜெபித்துக்கொள்ளவும்.’ கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்தன. ஏதோ வேலை முடித்த மாதிரி எனக்கு இருந்தது. பையிலிருந்த துணியை எடுத்து மடித்து வைத்தேன்.

உன் மனைவியிடம் பட்டன் போன்தான். குழுவில் அவர் இல்லை, அதனால் தெரியாது என்று கணக்குப் போட்டிருந்தேன். நம் சபையில் ஜெபக் குறிப்பு வந்தால் போதகரம்மா வாசித்துவிட்டு வீட்டில் உட்கார மாட்டார் என்பது எனக்குத் தெரியாதா? மலையிறங்கி என் வீட்டுக்கும் அப்படித்தானே வந்தார்கள்? அன்று சாயங்காலமே மூன்று பெண்களோடு உன் வாசலுக்கு வந்துவிட்டார். களத்தில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்த உன் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதார்களாம்.

"ஏனுங்க அக்கா, யாருக்கு என்னாச்சு?" என்று இவர் அவர்களைத் தேற்றியிருக்கிறார். நீ அப்போது தோட்டத்தில் இருந்தாய்.

திங்கட்கிழமை ஏறி வந்தேன். நீ கட்டிலில் சாய்ந்தபடி சிரித்தாய்.

"குரூப்புல படிச்சேன் மாப்ள. இன்வெர்ட்டர் கம்ப்ளெய்ன்ட் எழுதுன மாதிரியே இருந்துச்சு. பேட்டரி மாத்த வழியில்லைன்னு மட்டுந்தான் போடல."

நான் நிலைப்படியிலேயே நின்றேன். நீயே தொடர்ந்தாய்: "விடு. நல்லதாப் போச்சு. எனக்கு எப்படியும் வாய் வந்திருக்காது. நீ சொன்னதுதான் செரி."

நான் அதை நம்பினேன். நம்பினால் எனக்கு வசதியாக இருந்தது. பிறகு வந்த ஒவ்வொரு தடவையும் உன் அறையில் மின்விசிறியைப் பார்த்தேன், சுவிட்சைக் கழற்றி மாட்டினேன். உட்காரவே இல்லை. நீயும் உட்காரச் சொல்லவில்லை.

உன் அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்து உன் மனைவி பேச்சுவாக்கில் சொன்னார். "அந்த ஞாயித்துக்கெழமை சபை முடிஞ்சு பைக் வேண்டாம், நடந்தே போலாம், உங்கூடப் பேசோணும்னு சொல்லியிருந்தாருங்கண்ணா. கல்யாணமாகி ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்ல. என்னமோ சந்தோசமான சேதின்னு நெனச்சு, நல்ல சேலைய எடுத்து வெச்சிருந்தேன்."

ஆக உனக்கு வாய் வந்திருக்கும். நாள் குறித்து, வழிகூடத் தேர்ந்து வைத்திருந்தாய். சாகப்போகிறவன் நீ. என்னைத் தேற்ற ஒரு பொய்யும் சொன்னாய்.

அவருக்கு என் மேல் கோபமே இல்லை. "நீங்க அவரு மேல வெச்ச பாசத்துல எல்லாரையும் முழங்கால் போட வெச்சீங்கண்ணா" என்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் சபையில் என் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறார், தனியாக இருக்கிற அண்ணனைத் தாங்கும் ஆண்டவரே என்று. இப்போது ஞாயிறுதோறும் மலையேறி வருகிற நான், ஆண்கள் பக்கம் பாயில் கண்ணை மூடி உட்கார்ந்து ஆமென் சொல்லிவிடுகிறேன்.

அது பாசமில்லை, அன்றைக்கு உன் வீட்டுக்கு மலையேறப் பயம் என்று அவருக்குத் தெரியாது. அவர் மனம் நோகக்கூடாது என்றுதான் சொல்லாமல் இருக்கிறேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் என்னை வீட்டுக்குள் விடமாட்டாரோ என்ற பயம்தான் நிஜம். உன் வீட்டை விட்டால் எனக்குப் போக வேறு வீடில்லை.

ஆனாலும் வருகிற ஞாயிறு சபை முடிந்ததும் அவர் எதிரில் உட்கார்ந்து சொல்லப் போகிறேன். இதையாவது அவர் வேறு யார் வாயாலும் கேட்கக்கூடாது.