அம்மாவின் எண்பத்தெட்டுப் படிகள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நான் சுகம், என் முட்டி வலி என்னைவிடச் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நன்றாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். அங்கே குளிர் என்றாயே, குழந்தைக்குக் காதை மூடாமல் வெளியே தூக்கிப் போகாதே. இங்கே குளியலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது, நானே சரிசெய்துவிட்டேன், இப்போது முன்பைவிட வேகமாக ஒழுகுகிறது.

நீ கேமரா அனுப்பி ஐந்து மாதம் ஆகிறது. அதைப் பெட்டியோடு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, நீ போனில் கேட்டபோதெல்லாம் 'சார்ஜ் ஏறிக்கிட்டு இருக்கும்மா' என்று புளுகினேன். அம்மா போனபிறகு அவள் படங்களையெல்லாம் துணிகளுக்கு அடியில் தள்ளியவனும் நான்தான். அதில் நீ ஒரே ஒரு படம் கேட்டாய், எடுக்கக் கை வரவில்லை. பத்து நாள் என்னோடு பேசாமல் இருந்தாயே, அந்தக் கோபம் நியாயம்தான் அம்மாடி. போன வாரம் உன் மாமா வந்து, சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் பிடித்துக்கொண்டான். 'அத்தான், அக்கா போயிட்டா, சரி. இந்தக் கேமரா என்ன பாவம் பண்ணுச்சு? வீட்டுக்குள்ள முடியலன்னா வெளியே போவோம். அக்கா இருந்த இடத்தையாவது எடுங்க' என்றான். எந்த இடம் என்று யோசித்தால் எனக்கு அவள் ஆபீஸ் மாடிப்படிதான் நினைவுக்கு வந்தது. லிஃப்ட் மெக்கானிக்கின் பெண்டாட்டி லிஃப்டில் கால் வைக்க மாட்டாள் என்று ஊரே சிரித்தது உனக்குத் தெரியுமே. அந்தக் கட்டடத்து லிஃப்டும் என் பொறுப்புதான். முப்பத்தொரு வருஷம் அவள் நான்காம் மாடிவரை நடந்தே ஏறினாள். நான் எத்தனையோ முறை அங்கே வேலைக்குப் போயும் அந்தப் படியில் ஒருநாளும் ஏறியதில்லை.

இருவரும் அங்கேயே போனோம். எண்பத்தெட்டுப் படி, மாமா எண்ணினான். முதல் மாடியில் கைப்பிடியை எடுத்தேன், பலபேர் பிடித்துப் பிடித்து மரம் கண்ணாடிபோல ஆகியிருந்தது. இரண்டாம் மாடியில் எனக்கே மூச்சு வாங்கியது, கை ஆடி, மாமாவின் செருப்புதான் படத்தில் விழுந்தது. மூன்றாம் மாடி ஜன்னலில் நாங்கள் நின்றபோது மேலேயிருந்து ஓர் அம்மாள் இறங்கி வந்தார். அம்மாவோடு வேலை பார்த்த கேஷியர். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். இந்த ஜன்னல் திட்டில்தான் அக்கா தினமும் உட்காருவார்களாம். 'லிஃப்ட் மேல நம்பிக்கை இல்லையாக்கான்னு கேட்டா, லிஃப்ட் மேல இருக்குடி, அதை ரிப்பேர் பண்ற ஆளு மேலதான் இல்லன்னு சொல்லுவாங்க சார்' என்றார். மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான், எனக்கும் அடக்க முடியவில்லை. அந்தத் திட்டை நாலு கோணத்தில் எடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் அவர் கொஞ்சம் தயங்கி ஒன்றைச் சொன்னார். நீ பிறந்த அன்று ஆபீஸில் வலி வந்ததும் அம்மா படியிறங்கிப் போய் டாக்ஸி பிடித்தாள் என்றுதான் இத்தனை காலம் எனக்குத் தெரியும், அவளே சொன்னது. அது பொய்யாம். அன்று அவள் லிஃப்டில்தான் இறங்கினாளாம். கேஷியர் அம்மா அப்போது வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம், கூடவே இருந்திருக்கிறார். அம்மா கண்ணை இறுக மூடி, இவர் கையைக் கன்றிப்போகும்படி பிடித்துக்கொண்டு, 'புள்ள இதுக்குள்ளயே பொறந்துட்டா அந்த மனுஷன் லிஃப்ட்னே பேரு வச்சிடுவாரு, சீக்கிரம் போகச் சொல்லு' என்றாளாம். கீழே வந்ததும், 'அவருகிட்ட மட்டும் சொல்லிடாத, ஊர் பூரா தம்பட்டம் அடிச்சுடுவாரு' என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். நான் போட்ட சிரிப்பில் ரெண்டு அறைக் கதவு திறந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். உன் மாமாதான் அழுதுவிட்டான், நான் தேற்ற வேண்டியதாயிற்று. பிறகு மூன்று பேருமாக லிஃப்டில் ஏறினோம். அவள் நின்ற மூலையைக் கேஷியர் அம்மா காட்டினார். அதை எடுத்தபோது என் கை கொஞ்சம்கூட ஆடவில்லை. முப்பத்தொரு வருஷம் நான் கெஞ்சியும் ஏறாதவள் உனக்காக ஏறியிருக்கிறாள் அம்மாடி. எனக்குப் பொறாமையாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

அன்றைக்கே பீரோவைத் திறந்துவிட்டேன். அம்மாவின் படங்கள் கூடத்துச் சுவரில் இருக்கின்றன, மாமா அடித்த ஆணி என்பதால் எல்லாம் சாய்ந்தே இருக்கின்றன. நீ கேட்ட படத்தையும் அந்த லிஃப்ட் மூலையையும் இதோடு வைத்திருக்கிறேன்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், நிறைவாக, நீண்ட காலம் வாழ வேண்டும். ஒன்றை மறக்காதே. நீ அனுப்புகிற படத்திலெல்லாம் பேத்தி மட்டும்தான் இருக்கிறாள். கேமராவை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு நீயும் போய் அவள் பக்கத்தில் நில்.

இப்படிக்கு,
உன் அப்பா