ஈஸ்வரியின் இடப்பக்க விலா

என் உயிரான அக்காவுக்கு,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்ற எதையும் நீ காதில் வாங்க மாட்டாய். ஈஸ்வரி நடக்கிறாள். கால் விரல் எல்லாம் அசைகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு என் வீட்டு வாசல் வரை வருகிறாள். கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறாள்.

ஆமாம், ஆபரேஷன் செய்துவிட்டோம். நீ வேண்டவே வேண்டாம் என்ற அதே ஆபரேஷன்.

உன் மகளுக்கு முதுகுத்தண்டு வளைகிறது என்று உனக்கு முதலில் சொன்னவள் நான். என் தையல் கடையில் அவளுக்குப் பள்ளிச் சீருடை அளவெடுத்தபோது வலது தோள்பட்டை எலும்பு டேப்பை முட்டித் தள்ளியது. டாக்டர் ஆபரேஷன் என்றதும் உனக்கு உங்கள் தெருவில் முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு எழுந்திருக்காமல் போன மனுஷிதான் கண்ணுக்குள் வந்தாள். உசிலம்பட்டி பஸ்ஸில் ஏறும்போது சொன்னாய்: “எனக்கு உசுரு இருக்குற வரைக்கும் எம்புள்ள முதுகுல கத்திபட விடமாட்டேன்.” சொன்னபடியே விடவில்லை. போன வருடம் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. அந்த வார்த்தை மட்டும் எங்களிடம் தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு அவள் மளமளவென்று வளர்ந்தாள். வளைவும் கூடவே வளர்ந்தது. மாடிப்படியில் பாதியிலேயே நின்று மூச்சு வாங்குகிறாள் என்று டீச்சர் போன் செய்தார். நானும் மச்சானும் அவளை மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம்.

டாக்டரம்மா பொறுமைசாலி. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். வலப்பக்க விலா எலும்புகள் விரிந்து கிடந்தன. இடப்பக்கம் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. பிறகு ஈஸ்வரியைத் திரும்பி உட்காரச் சொல்லி, சட்டைக்கு மேலேயே விரல் வைத்து விளக்கினார்.

“ஒவ்வொரு முதுகெலும்புக்கும் ரெண்டு பக்கமும் ஒரு முனை நீட்டிக்கிட்டு இருக்கும். அந்த முனையிலேருந்து கீழ இருக்கிற விலாவுக்குச் சரிவா ஒரு சின்னத் தசை இறங்குது. தொடங்குற இடத்துல ஒடுக்கம். விலாவுல ஒட்டுற இடத்துல விசிறி மாதிரி அகலம். விலா உயர்த்தித் தசைன்னு சொல்லுவோம்.”

“அது என்ன வேலை செய்யும்?” என்று கேட்டேன்.

“மூச்சை உள்ள இழுக்கும்போது விலாவைப் பின்னாலேருந்து கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். சின்ன வேலைதான். பெரிய வேலையெல்லாம் நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற உதரவிதானம் பாத்துக்கும். முதுகு எந்தப் பக்கம் திரும்புதுன்னு மூளைக்குச் சேதி சொல்றதும் இதுதானோன்னு நினைக்கிறாங்க. முழுசாத் தெரியல.”

ஈஸ்வரிக்கு அந்தத் தசைகள் இடப்பக்கம் சுருங்கிக் கிடக்கின்றன, வலப்பக்கம் இழுபட்டுக் கிடக்கின்றன என்றார். கம்பி வைத்து நிமிர்த்த வேண்டுமென்றால் எலும்பை ஒட்டிய தசையை ஒதுக்க வேண்டுமாம். இந்தச் சின்னத் தசைகளில் சிலவும் முனையிலிருந்து பிரியுமாம்.

“திரும்ப ஒட்டிக்குமா?”

“பெரும்பாலும் ஒட்டிக்கும். பழையபடி வேலை செய்யுமான்னு உறுதி சொல்ல முடியாதும்மா. ஆனா வளைவு இப்படியே கூடிக்கிட்டுப் போனா நுரையீரலுக்கே இடம் இருக்காது.”

யோசித்துப் பார், அக்கா. மூச்சு போதாமல் வந்த பிள்ளைக்கு, மூச்சைத் தூக்கிக் கொடுக்கிற தசையைப் பிரிப்பதா? சின்ன வேலை என்று அவர் சொல்கிறார். மூச்சுக்குத் திணறுகிறவளுக்கு அதுவும் சின்னதுதானா?

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மச்சான் தலையை நிமிர்த்தவே இல்லை. “அவ வார்த்தைய மீறி நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? நீயும்தான அவகூடப் பொறந்தவ. நீ சொல்லு, போடுறேன்” என்றார்.

ஈஸ்வரிதான் பேசினாள். சுவரைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்: “அப்பா, மல்லாந்து படுத்தா எனக்கு மூச்சு முட்டுது. அம்மா இருக்கும்போதே முட்டும். ரெண்டு தலகாணி வச்சு உக்காந்துகிட்டே தூங்குவேன். அம்மாகிட்ட சொல்லல. சொன்னா பயந்துரும்.”

மச்சான் எழுந்து உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டார். திரும்பி வரும்போது முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே வந்தார்.

உனக்குத் தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? இதைத்தான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். பக்கத்திலேயே படுத்திருந்த உனக்கு அந்தத் தலையணை கண்ணில் படவே இல்லையா? இல்லை, பட்டும் நீ கேட்கப் பயந்தாயா?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். முதுகு முக்கால்வாசி நிமிர்ந்திருக்கிறது. ஆனால் குனிந்து செருப்பை மாட்ட முடியவில்லை. தழும்பை ஒட்டி ஒரு பட்டைக்கு உணர்ச்சியே இல்லை என்கிறாள். மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்த பிசியோதெரபிஸ்ட், பின்பக்க விலாவில் ரெண்டு கையையும் வைத்து, கையைத் தள்ளுகிற மாதிரி மூச்சு இழுக்கச் சொல்லியிருக்கிறார். தினமும் காலையில் நான்தான் வைக்கிறேன். வலப்பக்கம் நன்றாகத் தள்ளுகிறது. இடப்பக்கம் சில நாள் தள்ளுகிற மாதிரி இருக்கிறது. சில நாள் என் கைதான் அசைகிறதோ என்று சந்தேகம் வருகிறது. போகப் போகத் தெரியும் என்கிறார் டாக்டரம்மா.

படுத்தால் முட்டுவது குறைந்திருக்கிறதாம். அப்படித்தான் சொல்கிறாள். உன்னிடம் மறைத்த பிள்ளை என்னிடம் மறைக்க மாட்டாள் என்று எதை வைத்து நம்புவது?

ஊரில் சும்மா இருப்பார்களா? பெற்றவள் பேச்சை மீறிவிட்டான் என்று மச்சானைக் குத்திக்காட்டினார்கள். அவர் என்ன சொன்னார் தெரியுமா? “அவளே கனவுல வந்து சரின்னுட்டா.” அது ஈஸ்வரி காதுக்கும் வந்துவிட்டது.

நேற்று பயிற்சியின் நடுவில் கேட்டாள். “அப்பா சொல்றது நெசமா சித்தி? அம்மா சரின்னு சொல்லுச்சா?”

“உங்கப்பா கனவு எனக்கு எப்படிடி தெரியும்?”

“ஒங்க கனவுல வந்துச்சா?”

“இல்லடி” என்றேன்.

அவள் மறுபடி மூச்சை இழுத்தாள். என் கையில் அவள் முதுகின் சூடு மட்டும் இருந்தது. அவர் கனவுக்கு நிஜமாகவே போனாயா, அக்கா? போயிருந்தால் என்னிடம் ஏன் வரவில்லை?

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நீ சம்மதித்தாய் என்று நான் அவளிடம் ஒருநாளும் சொல்ல மாட்டேன். நீ பயந்தாய் என்றுதான் சொல்வேன். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் பயந்தாலும் தாங்கிக்கொள்வேன் என்று சொல்வேன். அது தெரிந்தால்தான், இன்னொரு நாள் மூச்சு முட்டும்போது அவள் வாயைத் திறந்து சொல்வாள்.

உன் கூடப்பிறந்தவள்,
ஈஸ்வரியின் சித்தி