எண் எழுதாத பலகை

கோட்லா, டில்லி
ஆகஸ்ட் 23, ஞாயிறு

அன்பு மகள் பொன்னிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, அப்பாவின் முழங்கால் வலி மூவரும் சௌக்கியம். அங்கே மஸ்கட்டில் நீயும் உன் கோபமும் சௌக்கியமா? வெள்ளிக்கிழமை போனில் என்னைப் பேசவே விடாமல் வைத்துவிட்டாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது பார். பக்கத்து அறை ஐயப்பன் லீவு முடிந்து புதன்கிழமை மஸ்கட் திரும்புகிறார், அவர் கையில் இதையும் எலுமிச்சை ஊறுகாயையும் கொடுத்துவிடுகிறேன். ஊறுகாயில் ஈரக் கரண்டி போடாதே. உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், பரவாயில்லை, மெதுவாகப் படி, படித்து முடிப்பதற்குள் கோபம் பாதியாகிவிடும்.

பல்லா சாப் வீட்டு வேலையை நானே கையால் தள்ளிவிட்டேன் என்கிறாய். ஆமாம், தள்ளினேன். இருபத்திரண்டு வருடமாக இந்த ஊரில் சித்தாளாக, பூச்சு வேலைக்காரியாக, அப்புறம் டைல்ஸ் பதிக்க ஆறு பேரை வைத்து வேலை வாங்குகிறவளாக இருந்திருக்கிறேன், அஸ்திவாரம் முதல் மொட்டை மாடி வரை ஒரு முழு வீடு என் கைக்கு வந்தது இதுதான் முதல் தடவை. நாலு மாடி. அதை விட்டுவிட எனக்கு மனசு வருமா சொல். ஆனால் நக்ஷா, அதான் வீட்டு பிளான், பாஸ் ஆகவில்லையே பொன்னி. பின்பக்கம் விட வேண்டிய இடம் ஓர் அடி குறைகிறது என்று கார்ப்பரேஷன் ஆபீஸில் பிளானைத் திருப்பிவிட்டார்கள், திருத்திக் கொடுத்தால் ஒன்றரை மாதத்தில் பர்மிட் கிடைத்துவிடும். அதுவரைக்கும் பல்லா சாபுக்குப் பொறுமை இல்லை. கம்பி விலை திங்கட்கிழமை ஒன்று, வியாழக்கிழமை ஒன்று என்று ஆடுகிறது, நவம்பரில் புகை மூடினால் தோண்டக்கூடாது என்று தடை போட்டுவிடுவார்கள், அதற்குள் அஸ்திவாரம் முடிந்தாக வேண்டும், நீங்கள் தோண்டுங்கள் பெஹன்ஜீ, காகிதம் பின்னாலேயே வரும் என்றார். நான் முடியாது என்றேன். அவர் இரண்டு நாள் பார்த்துவிட்டு வியாழக்கிழமை வேறு காண்டிராக்டரை, இந்த ஊர்ப் பேச்சில் தேக்கேதாரை, வைத்துக்கொண்டார்.

நீ கட்டடம் படித்தவள், டிராயிங் போடுகிறவள், நீயே, டில்லியில எல்லாரும் அப்படித்தானேம்மா ஆரம்பிக்கிறாங்க, உனக்கு மட்டும் என்ன என்று கேட்கிறாய். எனக்கு மட்டும் என்ன என்று சொல்கிறேன் கேள். மதராசி கேம்ப்பில் நம் வீட்டைக் கட்டியது யார்? வாரம் முழுக்க அடுத்தவர் சுவரைப் பூசிவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் உன் அப்பாவும் வரிசை வரிசையாக எழுப்பியது அது. நீ டிப்ளமா படிக்க மேலே ஓர் அறையும் போட்டேன். ரேஷன் கார்டு இருந்தது, ஓட்டர் கார்டு இருந்தது, கரண்ட் பில் இருந்தது, போன வருடம் ஜூனில் புல்டோசர் வந்து நின்றபோது இதில் ஒன்றும் நிலத்துக்கான காகிதம் இல்லை என்று ஆகிவிட்டது. டம்ளரில் ஊற்றி வைத்த டீ ஆறுவதற்குள் வீடு இல்லை. நீ அங்கிருந்து வீடியோவில் பார்த்து அழுதாய். நான் அழவில்லை, சுவர் எந்த இடத்தில் முதலில் விரிசல் விடுகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். நன்றாகத்தான் கட்டியிருந்தேன், மூன்று அடி வாங்கித்தான் விழுந்தது. காகிதம் இல்லாத இடத்தில் என் கரணை இனி ஒரு பிடி கலவை வைக்காது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

இன்னொன்றும் யோசித்துப் பார். கார்ப்பரேஷன்காரர்கள் பாதியில் வந்து சீல் வைத்தால் பல்லா சாப் குர்கானில் இருக்கிற இன்னொரு வீட்டில் ஏசி போட்டுக்கொண்டு படுப்பார். இங்கே குழியில் மழைத் தண்ணீர் நிற்கும், பக்கத்து வீட்டுப் பழைய சுவர் இறங்கும், போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் போய் உட்காரப் போவது நான். நான் ஒன்றும் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இல்லை. லாஜ்பத் நகரில் இரண்டு பாத்ரூம் உடைத்துப் புதிதாகப் போடுகிற வேலை, நிஜாமுதீனில் ஒரு மொட்டை மாடி ஒழுகல், இதற்கெல்லாம் பர்மிட் வேண்டாம், ஆறு பேருக்கும் தினமும் வேலை இருக்கிறது. சந்தை இப்படி ஆடும்போது ரிப்பேரை வைத்துத்தான் நாளை ஓட்ட வேண்டும். அடுத்து வருகிற வீட்டுக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிடப் போகிறேன், ஜனவரியிலேயே பிளானைக் கொடுத்துவிடுங்கள், திருப்பி அனுப்பினாலும் திருத்த நாள் இருக்கும், மழைக்கு முன் தோண்டிப் புகைக்கு முன் தரைமட்டம் தாண்டிவிடலாம், கம்பிக்கும் சிமெண்டுக்கும் முழு வீட்டுக்கு ஒரே விலை பேச மாட்டேன், ஒவ்வொரு மாடிக்கும் அன்றன்றைய விலைதான் என்று. ஒத்துக்கொள்கிறவர் வரட்டும். இவள் இப்படிக் கண்டிஷன் போட்டால் எவன் வேலை கொடுப்பான் என்று உன் அப்பா நம் கொத்தனார் பெரியண்ணனிடம் புலம்பினாராம், அவனோ அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும், நாங்க இருக்கோம் என்றானாம். அவனுக்கு இருக்கிற நம்பிக்கை என் வயிற்றில் பிறந்தவளுக்கு இல்லை.

ஒரு விஷயத்தை உன்னிடம் மறைத்துவிட்டேன், சிரிக்காதே. பர்மிட் இல்லாமல் ஒரு செங்கல்லை நகர்த்த மாட்டேன் என்று இவ்வளவு வீறாப்புப் பேசுகிற நான், பர்மிட் வருமுன்னே ஒரு வேலை செய்துவிட்டேன். சைட் வாசலில் ஒரு பலகை வைப்பார்களே, வீட்டுக்காரர் பெயர், பர்மிட் எண், தேதி, தேக்கேதார் பெயர் எல்லாம் போட்டு, அதை ஆசை தாங்காமல் ஜூலையிலேயே எழுதி வாங்கிவிட்டேன். எண்ணுக்கும் தேதிக்கும் மட்டும் இடம் விடச் சொன்னேன். தேக்கேதார் என்கிற இடத்தில் போட உங்கள் புருஷன் பெயர் என்ன என்று பெயிண்டர் கேட்டான், என் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். வெள்ளிக்கிழமை நீ போனை வைத்த பிறகு அப்பா அதைத் தூக்கிப் பழைய சாமான் வாங்குகிற கபாடிக்காரனிடம் போட்டுவிடலாமா என்றார். தொடாதீங்க என்றேன். நேற்று வெள்ளைப் பெயிண்ட் வாங்கி வந்து பல்லா சாப் பெயரை மட்டும் இரண்டு பூச்சு அடித்து மறைத்துவிட்டேன். இப்போது கதவுக்குப் பின்னால் காய்ந்துகொண்டிருக்கிறது. வீட்டுக்காரர் பெயர் இல்லை, எண் இல்லை, தேதி இல்லை. என் பெயர் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள் கண்ணு, வெயிலில் தொப்பி இல்லாமல் சைட்டுக்குப் போகாதே. நீ போடுகிற கோடெல்லாம் சுவராக எழும்பி நிற்கட்டும். உன் மஸ்கட் அடையாள அட்டை அக்டோபரில் முடிகிறது என்று சொன்னாயே, இப்போதே புதுப்பித்துவிடு. பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று உன் முதலாளி சொன்னால், முடியாது என்று சொல்.

உன் அம்மா,
சாந்தகுமாரி, தேக்கேதார்