தரேன் தரேன் என்ற விலாசம்

தம்பிக்கு,

உன் வழக்கை நேற்று தள்ளுபடி செய்துவிட்டார்கள். பங்குதாரர்களைக் கேட்காமல் அப்பாவின் அட்டைப்பெட்டிக் கம்பெனிக்குப் புது மெஷின் வாங்கினேன் என்று போட்டாயே, அதுதான். ஆறு மாதமாகியும் எனக்குச் சம்மன் வந்து சேரவில்லை.

விசாரணை என்று கேள்விப்பட்டு, நானாகவே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீதிபதி உன் வக்கீலிடம் காரணம் கேட்டார்.

"பழைய விலாசத்துல ஆள் இல்லன்னு திரும்பிடுச்சு ஐயா. புது விலாசத்தை நாலு தடவை கேட்டுட்டேன். கட்சிக்காரர் தரேன் தரேன்னே சொல்றார்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வீட்டுக்குச் சாமான் ஏற்றி இறக்கியதே நீதான். பீரோவை மாடிக்குத் தூக்கி, முதுகு பிடித்துக்கொண்டு இரண்டு நாள் இங்கேயே படுத்திருந்தாய்.

வெளியே வந்ததும் உன் அத்தான், "ஜெயிச்சுட்டோம்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நேரே ஆலைக்குப் போய்ப் புது மெஷினை நானே ஓடவிட்டேன். அத்தனை பேரும் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை, உன்னிடம் மறைப்பானேன்.

விலாசத்தை ஏன் கொடுக்கவில்லை என்று கேட்க மாட்டேன்.

நீ மறுபடியும் வழக்குப் போடலாமாம். போடுவதானால் சம்மனை நீயே கொண்டு வா. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன். சாப்பிடாமல் மட்டும் அனுப்ப மாட்டேன்.

உன்னை ஜெயித்த
அக்கா