யோகம் மிஸ்ஸி குடிக்காத தண்ணீர்

கூடப் பிறக்காத என்ர தங்கச்சி யோகம் மிஸ்ஸிக்கு, மூதூர்த் துறையடியிலிருந்து உங்கட நானா சொல்லி எழுதுவிக்கிறது.

வெள்ளைக்காரன் திருகோணமலைத் துறைமுகத்தில் கொடியை இறக்கிப்போட்டுப் போன வருசம் அது. அந்த வருசக் கடைசியில்தான் குளங்கள் உடைந்து பெருவெள்ளம் வந்தது. இந்த ரெண்டுக்கும் முன்னால, கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கிற மாதத்தில், டவுனிலிருந்து வந்த லாஞ்சியால் நீங்கள் இறங்கினீங்கள். கையில் ஒரு தகரப் பெட்டி, கக்கத்தில் ஒரு கொப்பி. எனக்குத் தேதி தெரியாது. ஆனால் அண்டைக்கு இறங்கேக்க உங்கட செருப்பு ஒன்று தண்ணிக்குள் விழுந்ததும், அதை எடுக்க நீங்கள் குனிய, நான் குனிய, ரெண்டு தலையும் முட்டினதும் தெரியும்.

உங்கட முப்பத்தோராம் நாளுக்கு நினைவுப் புத்தகம் அடிக்கிறார்களாம். உங்கட தம்பி வந்து, நானாவும் நாலு வரி சொல்லுங்கோ, அக்காவைத் தோணியில் ஏற்றி இறக்கின ஆள் நீங்கள்தானே என்றார். ஓம் என்றேன். எனக்கு எழுத்துத் தெரியாதென்று உங்களுக்குத் தெரியும். சொல்லுறது நான், எழுதுறது என்ர மகள் றஹீமா. நாலு வரியில் இது முடியாது என்று அவவுக்கு இப்பவே விளங்கியிருக்கும்.

நீங்கள் அப்ப முழு மிஸ்ஸி இல்லை, மருத்துவிச்சி வேலை படிக்கிற பிள்ளை. ஆஸ்பத்திரிக்குள் படிக்கிறது முடிந்து, ஊருக்குள் வீடு வீடாய்ப் போய்ப் படிக்க மூன்று மாதம் அனுப்பியிருந்தார்கள். மூதூரில் தங்கல். காலையில் களப்பைக் கடந்து கட்டைபறிச்சான் பக்கம் போக வேணும், பின்னேரம் திரும்ப வேணும். தோணி என்னுடையது. பிள்ளை நிறுக்கிற தராசையும் மருந்துப் பெட்டியையும் தூக்குறதும் நான்தான்.

திரும்பி வரேக்க கொப்பியை மடியில் விரித்து எழுதுவீங்கள். உங்களுக்கு மேலே இருந்த பெரிய மிஸ்ஸி மூன்று கேள்வி தந்திருந்தா. இன்றைக்கு ஊருக்கு என்ன செய்தாய், இன்றைக்கு உனக்கு என்ன செய்தாய், இன்றைக்கு என்ன படித்தாய். எழுதிவிட்டு எனக்கு வாசித்துக் காட்டி, சரியோ நானா என்று கேட்பீங்கள். எழுத்துத் தெரியாத ஆளிட்ட. எனக்கு அது எவ்வளவு பெரிசாய் இருந்தது தெரியுமோ?

ரெண்டாவது கேள்விக்குத்தான் உங்களுக்கு எழுத்து ஓடாது. எனக்கு நானே என்னத்தைச் செய்யிறது நானா என்பீங்கள். தலை சீவினனான் எண்டு எழுதுங்க என்பேன். ஒருநாள் அப்படியே எழுதிப்போட்டீங்கள். பெரிய மிஸ்ஸி அதைச் சிவப்பு மையால் வெட்டித் திருப்பி அனுப்பினவ. ரெண்டு பேரும் சிரித்த சிரிப்பில் தோணி கண்டல் பற்றைக்குள் போய்ச் செருகினது.

இப்ப சொல்ல வந்ததைச் சொல்லுறன்.

நீங்கள் எந்த வீட்டிலும் ஒரு சொட்டுக் குடிக்கமாட்டீங்கள். ஏழைச் சனத்தின் சீனியையும் தேயிலையையும் செலவழிக்கக் கூடாது, கொதிக்காத தண்ணீரைத் தொடவும் கூடாது என்பது பெரிய மிஸ்ஸி போட்ட சட்டம். நீங்கள் சட்டம் மீறாத பிள்ளை. கொதித்து ஆறின தண்ணீர் ஒரு சோடாப் போத்தலில் கொண்டு வருவீங்கள். அதையும் சனத்துக்கு முன்னால் குடிக்க வெட்கம். பாலை மரத்துக்குப் பின்னால் போய், முதுகைக் காட்டிக்கொண்டு ரெண்டு மிடறு. பத்து மணிக்குள் போத்தல் காலி. அதுக்குப் பிறகு அந்த வெயிலில் பின்னேரம் வரைக்கும் வெறும் வாய். ரெண்டு தரம் தோணிக்குள் தலைசுற்றி இருந்துவிட்டீங்கள்.

சனம் எல்லாத்தையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. கட்டைபறிச்சான் தெய்வானையும் அவவின்ர தங்கச்சியும் மூதூர்ச் சந்தைக்கு என்ர தோணியில் வாறவை. ஒருநாள் நீங்கள் இல்லாத நேரம் என்னட்டக் கேட்டினம், மிஸ்ஸி ஏன் எங்கட வீடுகளில ஒண்டும் வாயில வைக்கிறாவில்லை என்று. எனக்குக் காரணம் தெரியும். அதைச் சொல்லியிருக்கலாம். நான் பகிடி விட்டனான்.

"அவ டவுன்ல பெரிய வீட்டுப் பிள்ளை. உங்கட கிணத்துத் தண்ணி அவவுக்குத் தீட்டு."

சிரிக்கிறதுக்குத்தான் சொன்னனான். அவை சிரிக்கவில்லை.

இந்த இடத்தில் றஹீமா பேனையை வைத்துவிட்டா. இதையும் புத்தகத்தில் போடவோ வாப்பா என்று கேட்கிறா. ஓம் மகள், இதைத்தான் போட வேணும் என்றேன். உங்கட ஆக்களுக்குள் இருக்கிற அந்த மேல் கீழ்க் கணக்கு, வெளியில் நின்று பார்த்த எனக்கு விளையாட்டாய் இருந்தது. அதுக்குள் இருந்தவைக்கு அது எங்கே போய்த் தைக்கும் என்று நான் யோசிக்கவில்லை.

ஒரு கிழமை போயிருக்கும். சின்னாச்சி வீட்டுக்குப் போனோம். வாய் பெரிய மனிசி, மனம் மோசமில்லை. அவவின்ர மருமகள் பாக்கியம் முதல் பிள்ளையைப் பெற்று நாலாம் நாள். பிள்ளைப் பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது, அரைத்த காயச் சரக்கும் சுடுசோறும்தான் என்பது அந்த ஊர் வழக்கம். பாயில் கிடந்த பாக்கியத்துக்கு உதடு வெடித்திருந்தது. நீங்கள் பக்கத்தில் இருந்து, தண்ணீர் குடித்தால்தான் பால் சுரக்கும் அம்மா, கொதிக்க வைத்துக் கொடுங்கோ என்று பக்குவமாய்த்தான் சொன்னீங்கள். சின்னாச்சி இடுப்பில் கையை வைத்தா.

"எங்கட கிணத்துத் தண்ணி உங்களுக்குத் தீட்டாம். அப்ப என்ர மருமகளை மட்டும் அதை ஏன் குடிக்கச் சொல்லுறியள்?"

ஆர் சொன்னது என்று கேட்டீங்கள். ஊரே சொல்லுது, டவுன்ல பெரிய வீட்டுப் பிள்ளையாம் என்றா. நான் தராசைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றனான். என்ர சொல்லு, ஒரு எழுத்துக் கூடக் குறையாமல், என்ர முகத்துக்கு முன்னால் நின்றது. வாயைத் திறந்திருந்தால் அந்த நிமிசத்தில் முடிந்திருக்கும். நான் தராசின் முள்ளைப் பார்த்தனான்.

நீங்கள் உடனே, அம்மா எனக்கு இப்ப ஒரு கிளாஸ் தண்ணி தாங்கோ என்றீங்கள்.

"நாங்க தரேக்க குடிக்காத தண்ணி, நீங்க கேக்கேக்க எங்கட கையில வராது, மிஸ்ஸி."

அதோடு ஊர் அடைத்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் ஆள் இல்லை, குழந்தை நித்திரை, பிறகு வாங்கோ. பாக்கியம் காய்ச்சலில் கிடந்து ஒரு மாதிரி எழும்பினவ. பெரிய மிஸ்ஸி பார்க்க வந்தா, நாலு வீட்டில் விசாரித்தா, இந்தப் பிள்ளைக்குச் சனத்தோடு பழக ஏலாது என்று எழுதிப்போட்டா. ஊர்ப்படிப்பை வேற ஊரில் திரும்ப முதலிலிருந்து செய்ய வேணும், முடிய இன்னும் ஆறு மாதம். உங்களோடு படித்த பிள்ளைகள் முழு மிஸ்ஸியாய்ப் போய்விட்டார்கள்.

லாஞ்சிக்குக் காத்திருக்கேக்க எனக்குக் கொப்பியை வாசித்துக் காட்டினீங்கள். மூன்றாவது கேள்விக்குக் கீழே, மறைந்து நின்று குடித்தது என்ர பிழை, சனம் அதைத் தீட்டு என்று விளங்கிக்கொண்டது என்று இருந்தது. சரியோ நானா என்று கேட்டீங்கள். நான் என்ன சொன்னனான் என்று நினைவிருக்கோ? சரி என்றேன்.

வெள்ளம் வடிந்த கையோடு உங்கட அம்மா கண்ணை மூடிவிட்டா. ஏற்கெனவே சுகமில்லாமல் இருந்தவ. பிள்ளை பாஸ் பண்ணி வெள்ளை உடுப்போடு வந்து வாசலில் நிற்கிறதைப் பார்க்க வேணும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தவவாம். அந்த ஆறு மாதம் இல்லாவிட்டால் பார்த்திருப்பா. இதை நீங்கள் ஒருநாளும் என்னட்டக் குறையாய்ச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தது நான்தான். இருபத்துநாலு வருசமாய் அதே கணக்கு.

பாஸ் பண்ணி முழு மிஸ்ஸியாய் இங்கே திரும்பி வந்த அண்டைக்கு நேரே சின்னாச்சி வீட்டுக்குப் போனீங்கள். பெட்டி இல்லை, தராசு இல்லை. கதிரை போட்டும் இருக்கவில்லை, முற்றத்தில் மணலில் இருந்தீங்கள். சின்னாச்சி அரிசி இடித்து முடிக்கும் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு குசினிக்குள் போய்த் தேத்தண்ணி கொண்டு வந்தா. வீட்டில் கிளாஸ் இருக்க, வேணுமென்றே சிரட்டையில். கிளாசில் கொடுக்கத் தகாத ஆள் என்று ஊர் ஒதுக்கி வைத்தவர்களுக்கு ஊற்றுகிற சிரட்டை. நீங்கள் ரெண்டு கையாலும் வாங்கிக் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊத்துங்கோ அம்மா, நல்ல சாயம் என்றீங்கள். சின்னாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரெண்டாம் தரம் கிளாசில்தான் வந்தது.

திரும்பி வரேக்கதான் சொன்னீங்கள்.

"எனக்குச் சிரட்டை புதுசில்லை நானா. சின்ன வயசில எங்களுக்கு டவுன்ல கிணத்தில வாளி போட விடமாட்டினம். தள்ளி நிக்கச் சொல்லிச் சிரட்டையில ஊத்துவினம். என்னைப் பெரிய வீட்டுப் பிள்ளை எண்டு சொன்ன ஆளைக் கண்டா நான் கும்பிட வேணும். ஒருக்காவது என்னைப் பெரிய வீட்டில வைச்சுப் பாத்திருக்கிறார்."

சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தீங்கள். நான் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தனான். உங்கட அம்மா போய் அப்ப நாலு மாதம்.

அதுக்குப் பிறகு இந்தக் கரையெல்லாம் உங்கட கையில் வந்தது. கட்டைபறிச்சானில் பிள்ளைப் பெற்றவள் தண்ணீர் குடித்தாள், சம்பூரில் குடித்தாள். படிக்க வந்த பிள்ளைகளை என்ர தோணியில் ஏற்றி வந்து, களப்பின் நடுவில் இந்தக் கதையைச் சொல்லுவீங்கள். மறைந்து குடித்தது, சிரட்டை, எல்லாம். முதல் அவையிட்டக் குடியுங்கோ பிள்ளையள், பிறகு கதையுங்கோ என்பீங்கள். பிள்ளைகள் கொப்பியில் எழுதும். ஒவ்வொரு தரமும் நான் சொல்ல வேணும் என்று நினைப்பேன். ஆனால் உங்கட பிழை என்று நம்பி நீங்கள் கட்டின பாடம் அது. நான் வாயைத் திறந்தால் அது இடிந்து போகாதோ? இல்லாவிட்டால், என்ர பயத்துக்கு நான் சொல்லிக்கொண்ட சாட்டோ இது? இப்பவும் எனக்குத் தெரியாது.

ஊரில் எல்லாருக்கும் பிரஷர் பார்த்த நீங்கள் உங்களுக்குப் பார்க்கவில்லை. நெஞ்சுக்குள் இறுக்குது என்பீங்கள், கிளினிக் முடியட்டும் என்பீங்கள். அந்த ரெண்டாவது கேள்வியைப் பெரிய மிஸ்ஸி சும்மா கேட்கவில்லை என்று இப்பதான் எனக்கு விளங்குது.

ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வந்த அண்டைக்கு, எப்படியும் சொல்லுறதென்றுதான் லாஞ்சி ஏறினனான். கட்டிலடியில் நின்று, தங்கச்சி ஒரு விசயம் என்றேன். நீங்கள் பிளாஸ்க்கைக் காட்டினீங்கள், முதல் தேத்தண்ணி குடியுங்கோ நானா என்று. ஊற்றிக் குடித்தேன். சூடு. குடித்து முடிய மணி அடித்துவிட்டது, பார்க்க வந்த ஆட்களை வெளியில் போகச் சொன்னார்கள். நாளைக்குச் சொல்லுங்கோ என்றீங்கள். அந்த நாளை வரவில்லை.

இங்கே கிளினிக்குக்குப் புது மிஸ்ஸி வந்திருக்கிறா. நல்ல பிள்ளை, கதைக்கேக்க நிலத்தைப் பார்க்கிறா. போன கிழமை இந்த வீட்டு வாசலில் வந்து நின்று, தண்ணி இருக்கோ என்று தானாகவே கேட்டா. ஆர் படிப்பித்தது என்று நான் கேட்கவில்லை. உள்ளே போய் அழுதுவிட்டுத்தான் வந்து கொடுத்தனான்.

உங்களுக்குச் சொல்ல இனி ஏலாது. இந்தப் புத்தகத்தில் போட்டால் எழுத்துத் தெரிந்தவை வாசிப்பினம். ஆனால் அந்தச் சொல்லால் உங்களைப் பிழையாய் நினைத்தவையிட்ட, என்ர வாயால் சொன்னதை என்ர வாயாலேயே அழிக்க வேணும். விரலை மடித்துப் பார்த்தேன். தெய்வானை போய்விட்டா, அவவின்ர தங்கச்சியும் போய்விட்டா. சின்னாச்சி, கடைசிக் காலத்தில் உங்கட கையால் மருந்து குடித்துத்தான் போனவ. பெரிய மிஸ்ஸி மாற்றலாகிப் போன ஊரில் முடிந்தா.

வாற வெள்ளி ஜும்மா முடிய நான் சம்பூருக்குப் போறன். அங்கே மகள் வீட்டில் இருக்கிற அவவின் முன்னால் நின்று, யோகம் மிஸ்ஸி அப்படி நினைக்கவில்லை, அதைக் கட்டிவிட்டது நான் என்று சொல்லுவன். இது உங்களுக்கு நான் தாற வாக்கு. அண்டைக்குப் பாயில் கிடந்து, வெடித்த உதட்டோடு அவ்வளவு கதையையும் கேட்டுக்கொண்டிருந்தவ. இனி இருக்கிறது அவ ஒருத்திதான், பாக்கியம்.

உங்கட நானா,
தோணிக்கார மீராசா